பச்சை ஃபியூஸ்

என் கருவிப் பெட்டியின் மேல் தட்டில் ஒரு பச்சை ஃபியூஸ் கிடக்கிறது. நான் சொல்லப்போவதில் சந்தேகம் உள்ளவர்கள் வண்ணார்பேட்டைக்கு வாருங்கள். ஆற்றுக்கு இறங்கும் சாலையில் கார் வயரிங் கருத்தையா என்று கேட்டால் காட்டுவார்கள். அந்த ஃபியூஸை எடுத்து உங்கள் கையிலேயே தருகிறேன். இதுவரை ஒருவர்தான் வாங்கிப் பார்த்திருக்கிறார். வாங்கிய வேகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் பேய்க்கதை கேட்டு வளர்ந்தவன் இல்லை. செங்கல் சூளையில் வளர்ந்தவன். அப்பா மண் மிதிப்பார். அம்மா அச்சில் கல் அறுப்பாள். நான் ஏழு வயதில் சுடாத பச்சைக் கல் சுமந்தேன். சூளைக்கு அடுத்த திட்டு சுடுகாடு. சூளைத் தீ அணையாமல் பார்த்துக்கொள்ள அங்கேயே சாக்கு விரித்துப் படுப்போம். பகலெல்லாம் கல் சுமந்தவனைப் பேய் வந்து உலுக்கினாலும் எழுந்திருக்க மாட்டான். அவ்வளவுதான் எனக்கும் பேய்க்கும் இருந்த பழக்கம்.

இப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. கல்யாணம் கூடி வரவில்லை. அம்மா போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை. சமையலும் தூக்கமும் அங்கேதான். சனிக்கிழமை சாயங்காலம் ஷட்டரை இறக்கினால் திங்கட்கிழமை காலை வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

போன டிசம்பர். இரண்டு நாளாக விடாத மழை.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு வெள்ளை கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது கலையரசி என்ற பெண். கூடங்குளத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறவள். பழைய வண்டி, வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது என்றாள்.

"முன்னால ரெண்டு பனி லைட்டு வேணும் அண்ணாச்சி. கேமரா ஒண்ணு. செல்லுக்குச் சார்ஜ் போட ஒண்ணு. பின்சீட்டுல பாப்பாவுக்கு ஒரு குட்டி ஃபேன்."

"ஏசி இருக்குல்லா?"

"ஏசி போட்டா அவளுக்குச் சளி பிடிக்கி. நாலு வயசுதான ஆகுது. தெனமும் விடியுமுன்ன அவளைத் தூக்கிப் போட்டுக்கிட்டு, வள்ளியூர்ல எங்கம்மாகிட்ட விட்டுட்டு வேலைக்குப் போறேன். சாவியை அணைச்சா எல்லாம் அணையணும் அண்ணாச்சி. போன வாரம் சார்ஜரை எடுக்க மறந்து பேட்டரி செத்துப் போச்சு. இருட்டுல ரோட்டுல நிக்கேன், நானும் பிள்ளையும் மட்டும். ஒரு நாதி கெடையாது."

"நாளைக்கு ஒரு நாள் விட்டுட்டுப் போயேன்மா. மழை ஒரு மாதிரி இருக்கு."

"நாளைக்கு லீவு போட்டா வேலையே இருக்காது அண்ணாச்சி. காலைல நாலு மணிக்கு வந்துருவேன்."

சாவியைக் கொடுத்தாள். கிளம்பும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "உள்ள ஒரு மண்ணு வாடை அடிக்கி. எத்தன சென்டு அடிச்சாலும் போகமாட்டேங்கு."

காரை ஷெட்டுக்குள் விட்டேன். மழை தெறிக்கக் கூடாது என்று நாலு கண்ணாடியையும் ஏற்றினேன். நன்றாகவே ஏறின.

ஐந்தரை மணிக்கு மைக் கட்டிய ஆட்டோ போயிற்று. அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்படுகிறது, தாமிரபரணிக் கரையோரம் வசிப்பவர்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். 2023 வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கியது. பக்கத்துக் கடை நூகு, சீட் கவர் தைப்பவர், குடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"வே கருத்தையா, மைக்குல கத்துதது உம்ம காதுல விழலியா?"

"விழுது பாய். காலைல டெலிவரி."

"டெலிவரியா? ஆறு வந்து எடுத்துக்கிட்டுப் போவும், அதுக்குக் கையெழுத்து வாங்கி வையும்."

"தண்ணி இம்புட்டுத் தூரம் வராது பாய்."

"உமக்கென்ன வே, பொண்டாட்டியா பிள்ளையா? வெள்ளம் வந்தா வண்டிக்குள்ள ஏறி உக்காந்து போயிருவீரு."

சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன். அவர் குடை முக்கில் திரும்பியதும் தெருவில் யாரும் இல்லை. நாய்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் கரண்டும் போயிற்று.

தலையில் கட்டும் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

முதல் வேலை, பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றுவது. கழற்றினேன். அது தவறியும் போய் ஒட்டிவிடாமல் நடுவில் ஒரு ரப்பர்த் துண்டு வைத்தேன். அதற்குப் பிறகு வண்டி வெறும் தகரம். ஹாரன் அடிக்காது, விளக்கு எரியாது, கண்ணாடி இறங்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் பாக்ஸ் ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரைவரின் வலது முழங்கால் பக்கம் இருக்கிறது. மூடியைக் கழற்றினேன். உள்ளே மாவு போல வண்டல். மூலையெல்லாம் அப்பியிருந்தது.

வெள்ளத்தில் கிடந்த வண்டி.

எனக்கு அதிர்ச்சி ஒன்றுமில்லை. அப்படி எத்தனையோ வண்டிகள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தன. அந்த விலைக்கு வேறு வண்டி கிடைக்காதவர்கள் வாங்கினார்கள்.

இங்கே எங்கள் கைப்பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கூடுதல் சாமான் எது வந்தாலும் எங்கள் பக்கத்தில் பவர் விண்டோ ஃபியூஸில்தான் கொடுப்போம். பச்சை நிறம், முப்பது ஆம்பியர். கம்பி தடிமன். சாவி போட்டால்தான் கரண்ட் வரும். கண்ணாடியை ஏற்றி இறக்குவது எப்போதாவதுதான், மற்ற நேரம் அந்தக் கரண்ட் சும்மாதானே கிடக்கிறது என்று ஒரு கணக்கு. அந்த ஃபியூஸைப் பிடுங்கி, அதே இடத்தில் இரண்டு ஃபியூஸ் பிடிக்கிற கொக்கி ஒன்றைச் செருகி, கொக்கியில் பழைய ஃபியூஸையும் புதிய ஃபியூஸையும் மாட்டினால் முடிந்தது. கால் மணி நேர வேலை.

டார்ச்சை அடித்துப் பார்த்தேன். எனக்கு முன்பே யாரோ இந்த வண்டியில் அதையே செய்திருந்தார்கள். பவர் விண்டோ இடத்திலிருந்து வெட்டிவிட்ட கம்பிகள், நாலைந்து, கறுப்பு டேப் சுற்றித் தொங்கின. எத்தனை சாமான்தான் மாட்டினார்களோ.

நானும் பச்சை ஃபியூஸைப் பிடுங்கினேன். கொக்கியில் மாட்டினேன். கொக்கியைச் செருகினேன். 'டிக்' என்று உட்கார்ந்தது.

கம்பி எடுக்க மேசைக்குப் போனேன். திரும்பி வந்தால் கொக்கி பெடலுக்குக் கீழே மிதியடியில் கிடந்தது.

துளை தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். கொக்கியின் காலைக் கொஞ்சம் வளைத்து இறுக்கிச் செருகினேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கட்டிங் பிளேயரை எடுக்கப் போனேன்.

'டப்'.

மறுபடியும் மிதியடியில். எடுத்தேன். நனைந்திருந்தது.

ஷெட் ஒழுகவில்லை. காரின் கூரையும் ஒழுகவில்லை. தொட்டு மோந்து பார்த்தேன். ஆற்றுத் தண்ணீர் வாடை. புது வெள்ளம் வரும்போது அடிக்குமே, அந்த வாடை.

கையைத் துடைத்துவிட்டு முன்பக்கம் போய் விளக்கு மாட்டும் வேலையைப் பார்த்தேன். பயம் என்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பம்பருக்கு முன்னால் குத்தவைத்திருந்தேன். மழை தகரத்தில் கொட்டுகிறது. அதற்கு நடுவில்...

டொம்... டொம்...

கையைத் தட்டையாக வைத்துக் கண்ணாடியில் அடிக்கிற சத்தம். யாரோ காரை வெளியிலிருந்து தட்டுவதாக நினைத்து எழுந்தேன்.

"யாரு? நூகு பாயா?"

யாரும் இல்லை. ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது.

டொம்... டொம்... டொம்...

சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

டார்ச்சைத் திருப்பினேன். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் பனி பூத்திருந்தது. உள்பக்கம். பூட்டிய வண்டிக்குள் ரொம்ப நேரம் ஆள் இருந்தால் பூக்குமே, அப்படி. மற்ற மூன்றும் துடைத்துவிட்டது போலக் கிடந்தன.

நான் திறந்து வைத்துவிட்டு வந்த டிரைவர் கதவு சாத்தியிருந்தது.

சத்தம் நின்றுவிட்டது.

காலை நாலு மணிக்கு அந்தப் பெண் வருவாள். பிள்ளையோடு இருட்டில் போக வேண்டும். வேலை முடியவில்லை என்றால் அவளுக்கு வேலை போய்விடும். எனக்கு இது மட்டும்தான் அப்போது ஓடியது. கதவைப் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை. பூட்டியிருக்கவும் இல்லை. கைப்பிடி தூக்குகிறது, கதவு ஒரு விரல் அகலம் வருகிறது, திரும்பப் போய் ஒட்டுகிறது. வெளியே ஏதோ பாரம் அதை அழுத்துவது மாதிரி. வெளியே நான்தான் நிற்கிறேன். என் கெண்டைக்கால் இரண்டும் சில்லென்று ஆயின. குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது.

இரண்டு கையாலும் இழுத்தேன். திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

எங்கள் வேலைக்கு ஒரு கிடை உண்டு. சீட்டில் இடுப்பைப் போட்டு, கால்கள் வெளியே, தலை கீழே பெடல் பக்கம். கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாது. விரல்தான் பார்க்கும். எந்த ஃபியூஸ் எந்த வரிசை என்று தடவித் தடவியே கண்டுபிடிப்போம். அப்படிப் படுத்தேன். கொக்கி இடது கையில். வலது கை மேலே, துளைகளைத் தேடிப் போனது.

டார்ச் அணைந்தது.

சரி, விரல் போதும் என்று தடவினேன். முதல் வரிசை... இரண்டாவது வரிசை...

முதுகுக்குக் கீழே மிதியடி நனைந்திருந்தது. நனைந்துகொண்டே வந்தது. தோள்... கழுத்து... காதோரம்...

மூன்றாவது வரிசை...

என் விரல் இன்னொரு விரலில் பட்டது.

நான் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

ஐஸ் மாதிரிக் குளிர்ச்சி. ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறித் தோல் சுருங்கிய விரல். அதன் நுனியில் காய்ப்பு இருந்தது. வேலை பார்க்கிற கை.

அதுவும் தேடியது.

ஒவ்வொரு துளையாக... தடவித் தடவி... என்னைப் போலவே.

அதற்கு அவசரம். அப்படி ஓர் அவசரம்.

என் காதுக்குப் பக்கத்தில் மூச்சு இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிற ஆளின் அமைதி...

பிறகு அந்தக் கை என் கையைப் பிடித்தது.

நசுக்கவில்லை. இழுக்கவில்லை. என் உள்ளங்கையை விரித்தது. ஏதோ ஒன்றை வைத்தது. என் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கியது.

ஃபியூஸ்.

என் கை எனக்குச் சொந்தமில்லாதது மாதிரி அதுவாகவே மேலே போனது. துளையைக் கண்டது. அழுத்தியது.

டிக்.

ஜ்ஜ்ஜீ...ங்ங்...

நாலு கண்ணாடியும் ஒரே நேரத்தில் இறங்கின.

காதோரத்தில் ஒரு மூச்சு. நீளமாக. ரொம்ப நாள் கழித்து இழுத்த மூச்சு.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. ஷட்டருக்கு அடியில் ஊர்ந்து, எதிர்க் கடை வாசலில் மழைக்குள் உட்கார்ந்திருந்தேன். யாரிடமாவது பேச வேண்டும். போனை எடுத்தேன். பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். சிவப்பு கார் சார். பால் வண்டி. ஸ்கூல் வேன் டிரைவர். ஹாரன் ரிப்பேர் அம்மா. எல்லாம் வண்டிகள். பயந்துவிட்டேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

கடைசியில் நூகுவுக்கே போட்டேன்.

"பாய்... வண்டிக்குள்ள யாரோ இருக்காங்க."

"திருடனா வே?"

"இல்ல. ஆளே இல்ல. ஆனா கையைப் பிடிச்சாங்க."

"வே, அந்தப் பேய்க்கு உம்மை விட்டா வேற ஆளே கெடைக்கலியா?" என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "சாப்டீரா? சாப்ட்டுட்டுப் படும். காலைல வாரேன்" என்றார்.

இப்போது நான் சொல்வதைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் கையை யாராவது பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைசியாகப் பிடித்தது அம்மா. ஆஸ்பத்திரியில். மழையில் உட்கார்ந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு வயதுப் பிள்ளை வேறு ஞாபகம் வந்தது. உள்ளே போனேன்.

பானெட்டுக்குள் பார்த்தேன். மைனஸ் கம்பி கழன்றபடியே இருந்தது. ரப்பர்த் துண்டு நான் வைத்த இடத்தில். சாவி என் சட்டைப் பையில். நாலு கண்ணாடியும் இறங்கிக் கிடந்தன.

என் கொக்கி மிதியடியில் விழுந்திருந்தது. வண்டியிலிருந்து நான் பிடுங்கிய பச்சை ஃபியூஸ் அதிலேயே இருந்தது. அப்படியானால் துளையில் இருப்பது?

பிடுங்கினேன். அதுவும் பச்சைதான். ஆனால் செத்த ஃபியூஸ். உள்கம்பி அறுந்திருந்தது. ஒரு பக்கம் பிளாஸ்டிக் உருகி வழிந்து இறுகியிருந்தது. மறுபக்கம் புதிது போல. ஃபியூஸ் போனால் உள்ளே கம்பிதான் அறும். வெளியே இப்படி உருகி நான் பார்த்ததில்லை. ஃபியூஸின் இரண்டு காலுக்கும் நடுவில் வெள்ளையாக ஏதோ பொடி. பேப்பரில் மடித்துப் பெட்டியில் போட்டேன்.

பவர் விண்டோவுக்கு நல்ல ஃபியூஸ் ஒன்றைத் தனியாகச் செருகினேன். வேறு எதையும் அதில் சேர்க்கவில்லை. அந்தப் பெண்ணின் சாமான்களுக்குப் பேட்டரியிலிருந்தே தனிக் கம்பி இழுத்து, தனி ஃபியூஸும், சாவி போட்டால்தான் கரண்ட் விடும் ரிலேயும் வைத்தேன். கால் மணி நேர வேலை நாலு மணி நேரம் ஆயிற்று. கண்ணாடியை ஏற்றவே இல்லை. ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து சீட்டில் யாரோ உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பதாக மட்டும் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கலையரசி வந்தபோது மழை விட்டிருந்தது. தோளில் பிள்ளை தூங்கியது. ஆறு ஊருக்குள் வரவில்லை. நூகுவும் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிற வழியில் சீக்கிரமே வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, கண்ணாடியெல்லாம் இப்படித் தொறந்து போட்டிருக்கீங்க? சீட்டு நனையாதா?"

"இது வெள்ளத்துல கெடந்த வண்டிம்மா."

"தெரியும் அண்ணாச்சி. பின்ன, நான் வச்சிருந்த துட்டுக்கு முழுகாத வண்டியா தருவான்?"

விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. சாவியை அணைத்தால் எல்லாம் அணைந்தது. கண்ணாடி ஏறி இறங்குகிறதா என்று நான் ஏழெட்டுத் தடவை பார்த்தேன். நூகு டிரைவர் சீட்டின் கவரைத் தூக்கி, அடியில் இருந்த பழைய தையலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். முகம் மாறிவிட்டது. ஆனால் அவள் கிளம்பிப் போகும் வரை வாயைத் திறக்கவில்லை.

வண்டி முக்கில் திரும்பியதும் சொன்னார்.

"அந்த அடித்தையல் என் கை வேலை வே. ரெட்டை மடிப்பு, வேற ஒருத்தன் போட மாட்டான். இது நம்ம பேச்சிராஜ் வண்டில்லா."

"யாரு பாய் அது?"

"ஏரல் பக்கம் டாக்ஸி ஓட்டினான். பாட்டுப் பொட்டி, கலர் லைட்டுன்னு வண்டிக்குள்ள திருவிழாவே வச்சிருப்பான். வெள்ளத்தன்னைக்குச் சவாரி விட்டுட்டுத் திரும்புதான், கொற்கை விலக்குகிட்ட வெள்ளம் அடிச்சு வண்டியை வாய்க்காலுக்குள்ள தள்ளிட்டு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் வண்டி தெரிஞ்சுது. நாலு கண்ணாடியும் ஏறினபடி. ஃபியூஸ் போயி இறக்க முடியல போல. கதவையும் தண்ணி அமுக்கிட்டு."

நான் என் வலது கையைப் பார்த்தேன்.

"அவன் சீட்டுல உக்காந்திருக்கல வே. தலை கீழ, பெடலுகிட்ட. கால் மேல. என்னத்தையோ தேடுத மாதிரி. நான்தான் அவன் ஆட்களோட போய் இறக்கினேன். வலது கை முஷ்டி மடக்கி இருந்துச்சு. விரலைப் பிரிக்கப் பாத்தோம், முடியல. இடுக்குல பச்சையா ஒண்ணு தெரிஞ்சுது. மாத்தப் போன ஃபியூஸுன்னு சொன்னாங்க."

"பெறவு அந்த ஃபியூஸ்?"

"எங்க எடுக்க? கையை மடக்கினபடியேதான் ஆத்தங்கரையில எரிச்சாங்க. நான் நின்னு பாத்தேன்."

பெட்டியைத் திறந்தேன். பேப்பரைப் பிரித்து அவர் கையில் வைத்தேன். ஒரு நொடி பார்த்தார். சுட்டுவிட்டது மாதிரித் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் சூளையில் வளர்ந்தவன். ஒரு பொருள் எதற்குள்ளாவது மாட்டிக்கொண்டு வெந்தால் எப்படி இருக்கும் என்று தெரியும். தீ பட்ட பக்கம் உருகும். மூடியிருந்த பக்கம் அப்படியே இருக்கும்.

ஃபியூஸின் கால்களுக்கு நடுவில் இருந்த வெள்ளைப் பொடியை நான் துடைக்கவில்லை.

மழைக்காலத்தில், தெருவில் யாரும் இல்லாத சாயங்காலங்களில், அந்தப் பெட்டியின் மூடியை நான் சாத்துவதும் இல்லை.